சற்று முந்தைய குழந்தை

இந்த அறையின் மின்விசிறி சுற்றும்போது இடையிடையே 'டக்' என்று ஓர் ஓசை வருகிறது. நீங்கள் உள்ளே வந்து உட்கார்ந்ததும் அதை நிமிர்ந்து பார்த்தீர்கள். பிறகு என்னை விசாரிக்க ஆரம்பித்தீர்கள், விசிறி மறந்துபோயிற்று. இப்போது நான் சொன்னதும் மறுபடி கேட்கிறது, இல்லையா? விசிறி நடுவில் ஓயவே இல்லை. உங்கள் காதும் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. மூளைதான், 'இதனால் நமக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை' என்று முடிவுகட்டி அந்த ஓசையை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

இது புரிந்தால் மீதி எல்லாம் சுலபமாகப் புரிந்துவிடும்.

நான் கேட்டுக்கொண்டதால்தான் இந்தச் சந்திப்பு. நாளை உங்கள் குழு புதுசைப் பற்றி முடிவெடுக்கப்போகிறது. வேலையை விட்டு நீக்குவது, நர்ஸ் பதிவை ரத்து செய்வது, பிறகு போலீஸ் என்று பேச்சு அடிபடுகிறது. அதற்கு முன்னால் நீங்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது. புதுசு என்பது வார்டு அவளுக்கு வைத்த பெயர். வேலைக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது, அவளுக்குப் பின்னால் வேறு ஆட்களும் சேர்ந்துவிட்டார்கள், இருந்தாலும் அவள்தான் புதுசு. எனக்கும் ஒரு பெயர் உண்டு. நேரில் அக்கா, முதுகுக்குப் பின்னால் சைரன். நான் வார்டுக்குள் நுழையும்போது, "சைரன் வருதுடி" என்று ஒருத்தி முணுமுணுப்பாள். எனக்குக் கேட்காது என்று நினைப்பு. எனக்கு எல்லாம் கேட்கும்.

எங்களுடையது குழந்தைகள் வார்டு. இரண்டு அறைகள், நடுவில் கண்ணாடித் தடுப்பு, ஒவ்வொரு கட்டிலையும் சுற்றித் துணித்திரை. மூச்சுக்குச் சிரமப்படும் குழந்தைகள் உள்ளறையில் இருப்பார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு மானிட்டர். அது எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் சொல்கிறேன், எனக்கு அதைச் சொல்லப் பிடிக்கும்.

குழந்தையின் கால் கட்டைவிரலைச் சுற்றி ஒரு பட்டை ஒட்டுவோம். அதன் ஒரு பக்கத்தில் இரண்டு விளக்குகள் இருக்கின்றன. ஒன்று சிவப்பு, மற்றது நம் கண்ணுக்குத் தெரியாதது. எதிர்ப்பக்கம் ஒளியைப் பார்க்கும் ஒரு சின்னக் கண். ஆக்சிஜன் ஏறிய ரத்தம் சிவப்பு ஒளிக்குத் தாராளமாக வழிவிடும். ஏறாத ரத்தம் அதை விழுங்கிக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்புக்கும் எவ்வளவு ஒளி வந்து சேர்ந்தது என்று அந்தக் கண் பார்க்கிறது, நூற்றுக்கு எத்தனை என்று மானிட்டரின் திரை சொல்கிறது. ஊசி இல்லை, வலி இல்லை. இதை யோசித்துக் கண்டுபிடித்தவருக்கு நிச்சயம் குழந்தைகளைப் பிடித்திருக்க வேண்டும்.

ஒரு விஷயம் மட்டும் புது நர்ஸ்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். குழந்தை காலை உதைத்தால் எண் குதிக்கும். அதற்காக மானிட்டர், வந்த எண்ணை அப்படியே காட்டாமல் கொஞ்ச நேரத்துச் சராசரியைக் காட்டும். நெஞ்சில் நடப்பது கால் விரல்வரை வந்து சேரவும் நேரம் பிடிக்கும். அதனால் திரையில் நீங்கள் பார்ப்பது இப்போது கட்டிலில் இருக்கிற குழந்தையை அல்ல. சற்று முந்தைய குழந்தையைப் பார்க்கிறீர்கள்.

அடுத்தது ஓசைகள். எண் ஆபத்தான அளவுக்கு இறங்கினால் வேகமாகவும் கீச்சென்றும் ஓர் ஓசை வரும், சிவப்பு விளக்கும் எரியும். நாங்கள் அதைச் சிவப்பு என்போம். பட்டை கழன்றுவிட்டாலோ, மானிட்டருக்குத் துடிப்பு கிடைக்காவிட்டாலோ தாழ்ந்த குரலில் மெதுவாக ஒன்று ஒலிக்கும். அதற்கு உதறல் என்று பெயர், குழந்தை காலை உதறிப் பட்டையைத் தள்ளிவிட்டது என்ற அர்த்தத்தில். நூறு தடவை உதறல் அடித்தால் அத்தனை தடவையும் பட்டைதான் கழன்றிருக்கும். அப்படித்தான் எல்லோரும் நினைக்கிறார்கள்.

முன்பொரு காலத்தில் மூலைக் கட்டிலில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். நான் அப்போது சாதாரண நர்ஸ். பகல் வேளை. இன்னொரு சிஸ்டரோடு போர்வை மடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் வரும் பஸ்ஸை வேறு வழியில் திருப்பிவிட்டார்கள், அதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டிருந்தோம். அந்தக் குழந்தையின் அம்மா வந்து, "சிஸ்டர், பாப்பா ஒரு மாதிரி இருக்கா" என்றார். அப்போதுதான் எனக்குச் சிவப்பு கேட்டது. அது ஏற்கெனவே அடித்துக்கொண்டிருந்தது. மடித்த போர்வைகள் நாலைந்து இருந்தன, அத்தனை நேரமும் அது அடித்திருக்கிறது.

பாப்பா பிழைக்கவில்லை. அலாரத்தை யாரோ அணைத்திருக்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தார்கள். யாரும் அணைக்கவில்லை. அது அடித்தது, நானும் நின்றுகொண்டிருந்தேன், இரண்டும் ஒரே அறையில் நடந்தன. யாருக்கும் தண்டனை இல்லை. சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டினார்கள், 'விழிப்பே பாதுகாப்பு' என்று, சிரிக்கிற குழந்தைப் படத்தோடு. மறுவாரமே அந்தப் போஸ்டர் யார் கண்ணுக்கும் தெரியாமல் போயிற்று.

அதற்குப் பிறகு எனக்கு ஓசைகள் விட்டுப்போகவே இல்லை. ஒருநாள் வீட்டில் சலவை மெஷின் முடிந்ததற்கான மணி அடித்தது, நான் குளியலறையிலிருந்து ஈரத்தோடு ஓடிவந்துவிட்டேன். வீட்டுக்காரர் பேப்பரை இறக்கிப் பார்த்தார். "துணி துவைச்சு முடிஞ்சுதுன்னு சொல்லுதும்மா. யாரும் சாகலை" என்றார். நல்ல மனிதர். அவர் சொன்னது எனக்கு ஒரு யோசனையைத் தந்தது. நான் ஓடுகிறேன் என்றால், ஓடுவதைக் கற்க முடியும் என்றுதானே அர்த்தம். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது போஸ்டர் அல்ல.

நான் வார்டுக்குப் பொறுப்பாளரானதும் சோதனைகள் வைக்க ஆரம்பித்தேன். முதலில் சாதாரணமானவை. போகிற போக்கில் ஒரு குழந்தையின் பட்டையைக் கழற்றிவிட்டு, யார் வருகிறார்கள் என்று பார்ப்பேன். முதல் வாரம் எல்லோரும் விழுந்தடித்து ஓடிவந்தார்கள். பிறகு தந்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நர்ஸ் மேஜையில் இருக்கும் பெரிய திரையில் அந்தக் கட்டிலின் அலை தட்டையாக இருந்தால் பட்டை கழன்றிருக்கிறது, அவ்வளவுதான். கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டு ஆடி அசைந்து வருவார்கள். "அக்கா டெஸ்ட் வச்சிருக்காங்கடி, போய் ஒட்டிட்டு வா." கெட்டிக்காரப் பெண்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், என் சோதனையே அவர்களுக்கு உதறலை அலட்சியப்படுத்தக் கற்றுக்கொடுத்துவிட்டது. அதை நான் அப்போதே கவனித்தேன். சிவப்புக்குத்தான் சோதனை வேண்டும் என்று புரிந்தது.

சிவப்பை எப்படி வரவழைப்பது? அலாரத்தின் எல்லையை உயர்த்தி வைத்துப் பார்த்தேன். நல்லா இருக்கிற குழந்தைக்குக்கூட அடித்தது. புதுசு அப்போது சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தது. பெரிய திரையைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அக்கா, தொண்ணூத்தேழுக்கு ஓடச் சொல்றீங்களே. எனக்கே அவ்வளவு இருக்காதுக்கா, மாடி ஏறி வந்தா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சொன்னது சரி. எண்ணை நடிக்கவைக்க முடியாது. அது உண்மையாகவே இறங்க வேண்டும்.

ஆக்சிஜன் சுவரிலிருந்து வந்து ஒரு தண்ணீர்ப் புட்டிக்குள் குமிழியிட்டு, ஈரமாகி, மெல்லிய குழாய் வழியாகக் குழந்தையின் மூக்குக்குப் போகிறது. அந்தக் குழாய் மிருதுவானது. இரண்டு விரல்களுக்கிடையே மடித்துப் பிடித்தால் குமிழிகள் நின்றுவிடும், விட்டால் திரும்பி வரும். எந்த அடையாளமும் இருக்காது.

நான் கண்டபடி செய்யவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். தேறிவரும் குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஓரிரு நாளில் வீட்டுக்குப் போகப்போகிறவர்கள். அம்மாக்களைச் சாப்பிட அனுப்பிவிடுவேன். "போயிட்டு வாங்க, நான் பக்கத்துலயே இருக்கேன்" என்பேன், இருந்தேன். துணித்திரையை இழுத்துவிட்டுக் கட்டிலோரம் நிற்பேன். எண் இறங்கும், சிவப்பு அடிக்கும், ஓடிவரும் காலடி கேட்டதும் விரல்களை எடுத்துவிடுவேன். யாரும் வராவிட்டாலும் ஓர் அளவுக்குக் கீழே போகவிட மாட்டேன். அந்த அளவை நான்தான் வைத்தேன். காலப்போக்கில் அதைச் சற்றுக் கீழே இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது, பெண்கள் முன்னறையில் இருக்கும்போதும் வந்து சேர அவகாசம் தர வேண்டும் அல்லவா.

பலன் கிடைத்தது. வேறு வார்டுகளில் சிவப்பு அடித்தால் தலை நிமிரும், எங்கள் வார்டில் கால்கள் கிளம்பும். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் ஒருவர், "சிஸ்டர், உங்க பொண்ணுங்க பறக்கிறாங்களே, என்ன குடுக்கறீங்க?" என்று கேட்டார். "பழக்கம் டாக்டர்" என்றேன். மற்ற வார்டுகளுக்கும் வந்து பேசச் சொன்னார்கள். பேசினேன். மூளை எப்படி ஓசையை வாசலில் நிறுத்துகிறது என்பதெல்லாம் சொன்னேன், மிகவும் ரசித்தார்கள். குழாயைப் பற்றிச் சொல்லவில்லை. அதற்குக் கை பழக வேண்டும்.

சில குழந்தைகள் என்னைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தார்கள். நர்ஸைக் கண்டால் குழந்தைகள் அழுவது சகஜம்தான்.

துரை அழவில்லை. அவன் பெயர் துரை இல்லை. ரெண்டு வயதுகூட நிறையவில்லை. வந்த நாளிலிருந்து ஒரு கம்பளித் தொப்பியைக் கழற்ற விடமாட்டான், குளிப்பாட்டும்போதுகூட. அதனால் வார்டு முழுக்க அவனுக்கு மரியாதை. "துரை எழுந்தாச்சா? துரைக்குக் கோபமா? துரை மருந்து குடிக்க மாட்டாராமே, யாரு கேட்டா?" என்று புதுசு தினமும் அவனிடம் வம்பிழுப்பாள். அவன் முறைப்பான், பிறகு தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு சிரிப்பான். நெஞ்சுச் சளி கடுமையாக இருந்து தேறிக்கொண்டிருந்தான். ஆக்சிஜனைக் குறைத்துக்கொண்டே வந்தோம். சனிக்கிழமை அனுப்பிவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மதியச் சாப்பாடு முடிந்து வார்டு சோம்பலாக இருக்கும் நேரம். அவன் பால் குடித்த கப்பைக் கழுவ எடுத்துக்கொண்டு அவன் அம்மா கிளம்பினார். "அப்படியே கொஞ்சம் காலாற நடந்துட்டு வாங்கம்மா" என்றேன். மற்ற நர்ஸ் மருந்து வாங்கப் போயிருந்தாள். புதுசு மட்டும் முன்னறையில். அவள் தனியாக இருக்கும்போது எப்படி வருகிறாள் என்று நான் இதுவரை பார்த்ததில்லை. திரையை இழுத்துவிட்டேன்.

அவன் படுத்திருந்தான். என் வலது கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டான், அது அவன் வழக்கம், யார் பக்கத்தில் நின்றாலும் பிடிப்பான். என்னை நம்பினான் என்று சொல்ல மாட்டேன். அந்த வயதில் நம்பிக்கை என்று தனியாக ஒன்று கிடையாது. பிடித்துக்கொள்வது மட்டும்தான் உண்டு. இடது கையால் குழாயை மடித்தேன்.

எண் இறங்கிற்று. சிவப்பு அடித்தது. முன்னறையில் ஒரு குழந்தை அப்போதுதான் வாந்தி எடுத்திருந்தது. அதைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்திருந்த புதுசுக்குக் கையை எடுக்க முடியவில்லை. அதை மல்லாத்திவிட்டு ஓடிவந்திருந்தால் அந்தக் குழந்தைக்குப் புரையேறியிருக்கும். அவள் செய்தது சரிதான், இதையும் குறித்துக்கொள்ளுங்கள். "அக்கா... உள்ளே சிவப்பு அடிக்குது. யாராவது இருக்கீங்களா?" என்று குரல் கொடுத்தாள்.

நான் பதில் சொல்லவில்லை. பதில் சொன்னால் அது சோதனை ஆகாது.

கொஞ்ச நேரத்தில் சிவப்பு நின்று உதறல் அடிக்கத் தொடங்கிற்று. திரைக்கு வெளியே புதுசு பெருமூச்சு விடுவது கேட்டது. வாந்தி எடுத்த குழந்தையின் அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஒண்ணும் இல்லம்மா, துரை காலைத் தூக்கி ஆடறார். இல்லேன்னா எங்க அக்கா டெஸ்ட் வச்சிருப்பாங்க. நீங்க இந்தப் பக்கம் பிடிங்க, வாயைத் துடைச்சிடறேன்."

இப்போது நான் முன்பே சொன்னதை நினைத்துப் பாருங்கள். பட்டை கழன்றால் உதறல். துடிப்பு கிடைக்காவிட்டாலும் உதறல். துரையின் பட்டை கழலவில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நோயுற்ற சின்ன நெஞ்சில் ஆக்சிஜன் சேமிப்பு எதுவும் இருக்காது. படிப்படியாக இறங்காது, மாடியிலிருந்து விழுவதுபோல் இறங்கும். கால் சில்லிட்டுப்போய், விரலில் துடிப்பே இல்லாமல் போகும்போது, மானிட்டருக்கு அதைச் சொல்ல வேறு ஓசை கிடையாது. சிவப்பு நின்று உதறல் வந்தால் நிம்மதி அடையக் கூடாது. அதுதான் இருப்பதிலேயே மோசமான ஓசை. இதை வார்டில் ஒருத்திகூடத் தெரிந்துவைத்திருக்கவில்லை. எனக்குத் தெரியும்.

அந்தக் கணத்தில் எனக்குப் பதற்றம் எதுவும் இல்லை. ஓர் ஆசிரியைக்கு எப்போதாவதுதான் இப்படி அமையும். ஆயிரம் வகுப்பில் சொன்னாலும் புரியாத ஒன்று, அவள் பெருமூச்சு விட்டு முடித்த அந்த நொடியில் வந்து பார்த்தால் ஜென்மத்துக்கும் மறக்காது. அவள் வந்தால் போதும். வாயைத் துடைத்துவிட்டு வந்துவிடுவாள்.

துரையின் பிடி தளர்ந்தது. மானிட்டர் கடைசியாகக் கிடைத்த எண்ணை இன்னும் காட்டிக்கொண்டிருந்தது, அவன் இருந்த நிலைக்கு அவ்வளவு மோசமான எண் இல்லை. திரையில் சற்று முந்தைய குழந்தை இருந்தான். என் விரலைப் பிடித்திருந்தவன்தான் இப்போதைய குழந்தை. அவன் விட்டுவிட்டான். நான் விடவில்லை. அவள் வரட்டும் என்று நின்றேன்.

காலடி கேட்டதும் விரல்களை எடுத்தேன். குமிழிகள் திரும்பி வந்தன. புதுசு திரையை விலக்கினாள். முதலில் அவன் தொப்பியைப் பார்த்தாள், பிறகு உதட்டைப் பார்த்தாள். "அக்கா" என்றாள். அதற்குப் பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. அவளே பலூன் பையால் மூச்சுக் கொடுத்தாள், நான் நெஞ்சை அழுத்தினேன், டாக்டர் ஓடிவந்தார். ஒரு மூச்சைக்கூட அவள் தவறவிடவில்லை. நான் பெருமைப்பட்டேன்.

கழுவிய கப்போடு அவன் அம்மா வந்தார். திரைக்கு வெளியே நின்று, குரலைத் தாழ்த்தி, "தூங்கிட்டானா சிஸ்டர்?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி கேட்கிறது. சலவை மெஷின் மணிக்குப் பிறகு கேட்கிறது, லிஃப்ட் கதவு திறக்கும்போது கேட்கிறது. வலது கட்டைவிரலை யாரோ பிடித்திருப்பதுபோல் இருக்கும். குனிந்து பார்க்க மாட்டேன், அது முந்தையது என்று எனக்குத் தெரியும். நரம்புகள் அப்படித்தான், செய்தி தாமதமாக வந்து சேரும்.

விசாரணையில் புதுசு, "டெஸ்ட்டுன்னு நினைச்சேன்" என்றாள். என்ன டெஸ்ட் என்று நீங்கள் என்னைக் கேட்டீர்கள். அப்படி மருத்துவமனை அனுமதித்த சோதனை எதுவும் இல்லை என்றேன். அது உண்மை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்போதும் அக்கா காரணமில்லாமல் எதுவும் செய்ய மாட்டார் என்பதுபோல்தான் பார்த்தாள். கட்டிலோரம் நான் எப்போது வந்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை, அலாரம் கேட்டு வந்தேன் என்று நினைத்துக்கொண்டீர்கள்.

துரையைக் கொன்றது யார் என்று நீங்கள் தெரிந்துகொள்ள விரும்பினால், நான்தான். அதில் எனக்குச் சுற்றிவளைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. விரல்கள் என்னுடையவை. என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள். நான் வந்தது அவளுக்காக.

போன வாரம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். கதவைத் திறந்தது அவள் அம்மா. மகள் தூங்குவதில்லையாம். தெருவில் வண்டி ரிவர்ஸ் எடுத்தால் அந்தச் சின்ன ஓசைக்கே எழுந்து நிற்கிறாளாம். பக்கத்து வீட்டில் செல்போன் சிணுங்கினால் வாசல்வரை ஓடுகிறாளாம். "நீங்க சொன்னா கேப்பா, கொஞ்சம் புத்தி சொல்லுங்க சிஸ்டர்" என்று அழுதார். உள்ளே எட்டிப் பார்த்தேன். கட்டிலில் முதுகு சாயாமல், செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். நான் இத்தனை வருடமாக யாரிடமும் உண்டாக்க முடியாமல்போனது அவளிடம் உண்டாகியிருந்தது. இனி அவள் காதுக்கு எந்த வாசலும் கிடையாது. எந்த வார்டில் விட்டாலும் ஒரு குழந்தையையும் தவறவிட மாட்டாள். அவளைப் போல இன்னொரு நர்ஸ் இந்த ஊரில் இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், அவளை நீக்கிவிடாதீர்கள். அவளும் போய்விட்டால், வருகிற பெண்ணுக்கு மறுபடி முதலிலிருந்து சொல்லித்தர வேண்டியிருக்கும்.